பன்னிரண்டு ஹாலஜன் விளக்கில் ஒரு பிளாஷ் மிஷின்

திருப்பூரில் காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு பிரிண்டிங் பட்டறை. டேபிள் பிரிண்டிங்தான். பனியன் பீஸைப் பலகையில் ஒட்டி, ஸ்கிரீனை இறக்கி, ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜியால் மையை இழுக்கிற வேலை. கறுப்பு, கரும்பச்சை மாதிரி அழுத்தமான நிறத் துணியில் படம் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால், அடியில் முதலில் ஒரு கோட் வெள்ளை மை போட வேண்டும். வெள்ளை ஈரமாக இருக்கும்போதே அடுத்த நிறத்தை இறக்கினால் அது ஸ்கிரீனின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் இடையில் சில விநாடி மேலிருந்து சூடு காட்டி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்கு மையைக் கொண்டுவருவார்கள். அந்தச் சூட்டைக் காட்டுவதுதான் பிளாஷ் மிஷின்.

இங்கே ஓடுவது பிளாஸ்டிசால் மை. பி.வி.சி தூளும், அதை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசரும் சேர்ந்த கூழ். காய்வதற்கு இதில் தண்ணீர் கிடையாது; சூடு ஏறினால்தான் இறுகும். ஏறக்குறைய 105 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இறுகத் தொடங்கும். துவைத்தாலும் போகாதபடி முழுசாகப் பிடிக்க 160 டிகிரி வேண்டும். அதைக் கடைசியில் கன்வேயர் கியூரிங் மிஷின் பார்த்துக்கொள்ளும். பிளாஷுக்கு 110 தாண்டினால் போதும். ரொம்பத் தாண்டினாலும் கெடுதல்தான். அடி மை முழுசாக வெந்துவிட்டால் மேல் மை அதைப் பிடிக்காது, இரண்டு துவையலில் தோலாக உரிந்து வரும்.

பட்டறையில் இருந்த பழைய மிஷின் காயில் ஹீட்டர் வைத்தது, 6 கிலோவாட். காலையில் போட்டால் சூடு ஏறக் கால் மணி நேரம். அப்புறம் இரவு வரை அணைக்கவே முடியாது. பட்டறைக்காரர் என்னைவிட மூத்தவர், பல வருடப் பழக்கம். ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். “ஏந்தம்பி, துணி இல்லாத நேரத்துலயும் இது சும்மா எரிஞ்சுட்டே நிக்குது. கேஸ் அடுப்பாட்டம் வேணும்ங்கறப்ப பத்த வெச்சு, வேணாம்னா அணைச்சுக்க முடியாதா?”

முடியும். அதற்குத் தோதான பொருள் எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் இருந்தது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஃபோகஸ் லைட்டுக்குள் போடுவார்களே, விரல் தடிமனில், இரண்டு பக்கமும் பீங்கான் முனை வைத்த ஹாலஜன் குழல் விளக்கு. ஆர்7எஸ் முனை, 118 மில்லிமீட்டர் நீளம், 230 வோல்ட், 500 வாட். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கம்பி எடையே இல்லாத மாதிரி மெலிசு. அதனால் சுவிட்ச் போட்ட ஒரு விநாடிக்குள் முழுச் சூடு, அணைத்தால் அதே வேகத்தில் இறக்கம். வெளிச்சத்துக்காகச் செய்தது என்று பெயர், ஆனால் வாங்குகிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே போகிறது.

இந்த விளக்கின் பிறப்பே வெப்பத்தில்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1950களில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் நேலா பார்க் ஆய்வகத்தில் குவார்ட்ஸ் குழாய்க்குள் டங்ஸ்டன் வைத்து ஹீட்டர் விளக்கு செய்துகொண்டிருந்தார்கள். டங்ஸ்டன் ஆவியாகிக் குழாயின் உள்பக்கம் கரி மாதிரி படிந்தது. அதைத் தடுக்க உள்ளே கொஞ்சம் அயோடின் (ஹாலஜன் இனத்தில் ஒன்று) சேர்த்துப் பார்த்ததில்தான் ஹாலஜன் விளக்கு வந்தது. எல்மர் ஃப்ரிட்ரிச், எம்மெட் வைலி இருவருக்கும் 1959இல் காப்புரிமை கிடைத்தது. ஆவியாகும் டங்ஸ்டனைக் குழாய்ச் சுவர் அருகே ஹாலஜன் பிடித்துக்கொண்டு, சூடான கம்பி அருகே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. இந்தச் சுழற்சி நடக்கக் குழாய்ச் சுவர் 250 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். இந்த எண்ணை மறந்ததால் எனக்கு ஒரு செட் விளக்கு போனது, பின்னால் வருகிறேன்.

முதல் பெட்டி

சூடு காட்ட வேண்டிய பரப்பு 40க்கு 40 சென்டிமீட்டர். வரிசைக்கு மூன்று விளக்காக நான்கு வரிசை, ஆக மொத்தம் பன்னிரண்டு. 118 மில்லிமீட்டர் விளக்கில் உண்மையில் எரிகிற பகுதி 8 சென்டிமீட்டர் அளவுதான். இரண்டு முனையும் அவற்றைப் பிடிக்கும் ஹோல்டரும் சேர்ந்து, விளக்குக்கு விளக்கு ஐந்து சென்டிமீட்டர் இருட்டு விழும். நான்கு வரிசையையும் நேராக அடுக்கினால் அந்த இருட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்ந்து பட்டையாக நிற்கும். அதனால் செங்கல் சுவர் கட்டுகிற மாதிரி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை அரை விளக்கு தள்ளி வைத்தேன். அப்படித் தள்ளியதில் பெட்டியின் அகலம் 48 சென்டிமீட்டர் ஆனது. துணிக்கும் விளக்குக்கும் இடைவெளி 8 சென்டிமீட்டர்.

சூடு சமமாக விழுகிறதா என்று பார்க்கக் கடைகளில் பில் அடிக்கிற பேப்பர் ரோல் நல்ல கருவி. அது சூடு பட்டால் கறுக்கும் பேப்பர். பலகை முழுக்கத் துண்டு துண்டாக ஒட்டி மூன்று விநாடி பிளாஷ் கொடுத்தால், எங்கே சூடு அதிகம், எங்கே குறைவு என்று வரைபடம் மாதிரி தெரியும். முதல் தடவை நான்கு மூலையும் வெளுப்பாகவே நின்றன. ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அலுமினியத் தகட்டில் பாவாடை மாதிரி கட்டியதும் மூலைகள் பாதிக்குப் பாதி சரியாகின. ஆட்களின் கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடிப்பதையும் அந்தத் தகடு மறைத்தது. ஆறு கிலோவாட் ஹாலஜனை நேரே பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

ரிஃப்ளெக்டருக்கு முதலில் பளபளவென்ற எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு போட்டேன். அது தப்பு. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும், இந்த வெப்பக் கதிரில் கணிசமான பங்கைத் தானே குடித்துவிடும். பத்து நிமிடத்தில் தகடு நீலம் பாய்ந்து வளைந்துவிட்டது. பாலிஷ் போட்ட அலுமினியம் பத்துக்கு ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். உருகிவிடுமோ என்று பயந்துதான் தவிர்த்திருந்தேன். ஆனால் வாங்குகிற சூடு குறைவு என்பதால், பின்பக்கம் காற்று ஓடினால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒயரிங் எல்லோரும் செய்கிற மாதிரிதான். மூன்று பேஸ், பேஸுக்கு நான்கு விளக்கு, நியூட்ரல் பொது. ஓட்டிப் பார்த்தோம். வெள்ளை மை ஆறு விநாடியில் இறுகியது. பட்டறைக்காரர் ஒரே நாளில் பழைய மிஷினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வாரத்தில் பதினொரு விளக்கு போனது.

செத்த விளக்கைப் படிப்பது

போன விளக்குகளைத் தூக்கிப் போடாமல், எந்த இடத்தில் இருந்தது, என்றைக்குப் போனது என்று டேப்பில் எழுதி ஒட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். இந்தப் பழக்கத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். பதினொன்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது மூன்று விதமான சாவு தெரிந்தது.

ஏழு விளக்கில் கம்பி அறுபடவே இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் தொடர்ச்சி மட்டும் இல்லை. குழாயின் இரண்டு முனையிலும் குவார்ட்ஸை நசுக்கித் தட்டையாக்கி மூடியிருப்பார்கள். அதற்குள் முடியைவிட மெலிசான மாலிப்டினம் தகடு ஒன்று கரண்டைக் கடத்தும். குவார்ட்ஸ் சூட்டில் அவ்வளவாக விரியாது, உலோகம் விரியும். மெலிசுத் தகடாக இருப்பதால்தான் அந்த மூடி வெடிக்காமல் நிற்கிறது. இந்தத் தகடு 350 டிகிரிக்கு மேல் போனால் காற்றோடு சேர்ந்து துருவேறும், துருவேறினால் பருக்கும், பருத்தால் மூடியைப் பிளக்கும். ஏழிலும் முனையில் வெண்மையாக ஒரு வீக்கம், அதில் மயிரிழை விரிசல். ஹோல்டரின் ஸ்பிரிங்கும் பதம் போய்த் தளர்ந்து, தொடுகிற இடத்தில் பொறி பறந்து குழி விழுந்திருந்தது.

மூன்று விளக்கில் கம்பி தொய்ந்து, பக்கத்து வளையத்தோடு ஒட்டிப் போயிருந்தது. இதற்கு விடை ஸ்டாண்டில் கிடைத்தது. பெட்டி ஒரு சுழலும் கையில் தொங்குகிறது; ஆள் அதைத் தள்ளிவிட்டால் சுற்றிப் போய் இரும்பு முட்டில் ‘ணங்’ என்று மோதி நிற்கும். வெள்ளைச் சூட்டில் இருக்கிற டங்ஸ்டனுக்கு அந்த அதிர்வு தாங்காது.

மிச்சம் ஒன்றில் குழாயின் நடுவே பால் தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு, அந்த இடத்தில் குழாய் கொப்புளித்திருந்தது. விளக்கை மாட்டிய ஆள் வெறுங்கையால் பிடித்திருக்கிறார். கை வியர்வையின் உப்பு, அந்தச் சூட்டில் குவார்ட்ஸின் உள்ளமைப்பையே மாற்றிவிடும். இப்போது விளக்குப் பெட்டிக்குள்ளேயே சுத்தமான துணியும் ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட்டும் வைத்திருக்கிறோம்.

முட்டுக்கு ரப்பர் புஷ் போட்டேன். கை சரியான இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் விளக்கு எரியும்படி ஒரு லிமிட் சுவிட்ச் வைத்தேன். அதோடு அந்தச் சிக்கல் முடிந்தது. முனைச் சூடுதான் படுத்தியது.

முதலில் தோன்றியது, பெட்டிக்குள் காற்றை அடித்துவிடுவது. பெரிய ஃபேன் ஒன்றை வைத்து எல்லாவற்றின்மேலும் வீச விட்டேன். முனை குளிர்ந்தது. ஆனால் ஒரு வாரத்தில் விளக்குகள் உள்ளே கறுக்க ஆரம்பித்தன. குழாய்ச் சுவரும் சேர்ந்து குளிர்ந்ததால் ஹாலஜன் சுழற்சி நின்றுபோய், டங்ஸ்டன் பழைய குண்டு பல்ப் மாதிரி சுவரில் படிந்துவிட்டது. நடு உடம்பு 250க்குக் கீழே போகக் கூடாது, முனை 350ஐத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு சென்டிமீட்டர் தூரம்.

இதற்குக் கடைசியில் கிடைத்த வழி சுலபமானது. ரிஃப்ளெக்டர் தகட்டுக்கும் பெட்டியின் முதுகுக்கும் இடையில் நாலு விரல் இடம் விட்டு, எல்லாப் பக்கமும் அடைத்தேன். அதற்குள் ஒரு சின்ன புளோயர் காற்றை அடைக்கும். தகட்டில் ஒவ்வொரு முனைக்கும் நேரே ஒரு 10 மில்லிமீட்டர் துளை. பன்னிரண்டு விளக்குக்கு இருபத்து நான்கு துளை. காற்று அந்தத் துளைகள் வழியாக மட்டுமே வெளியேறி, முனையைத் தடவிக்கொண்டு போகும். நடுப்பகுதிக்குக் காற்று நேராகப் போகாது. முனையில் கண்ணாடி நூலால் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) கட்டி அளந்தேன். முன்பு 410 டிகிரி, இப்போது 280. விளக்கை அணைத்த பிறகும் புளோயர் ஐந்து நிமிடம் ஓட ஒரு டைமர் உண்டு. இல்லையென்றால் பெட்டியில் தேங்கிய சூடு முனைக்கே திரும்பி வரும்.

ஹோல்டர் ஒயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பி.வி.சி ஒயர் இரண்டே நாளில் முறுகி உதிரும். கண்ணாடி நூல் உறை போட்ட ஒயர்தான் சரி. முனையில் ஈயம் பற்ற வைக்கக் கூடாது, உருகிவிடும். லக் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இரவு வோல்டேஜ்

முனைச் சிக்கல் தீர்ந்த பிறகு இரண்டு மாதம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் ஒன்று ஒன்றாகப் போக ஆரம்பித்தது. இந்தத் தடவை கம்பி சுத்தமாக அறுந்திருந்தது. டேப்பில் எழுதிய நேரங்களை வரிசைப்படுத்தினால் பெரும்பாலானவை இரவு ஷிப்டு. ஒரு ராத்திரி மீட்டரோடு போய் உட்கார்ந்தேன். பகலில் 228, 232 என்று இருந்த பேஸ் வோல்டேஜ், பதினொரு மணிக்குச் சுற்றுவட்டாரத்தில் மற்ற யூனிட்டுகள் நின்றதும் 248க்கு வந்துவிட்டது.

பிலமெண்ட் விளக்கின் ஆயுள் வோல்டேஜை மிகக் கடுமையாகப் பின்தொடர்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டாம் அடுக்கில் என்று கணக்குப் போடுவார்கள். ஐந்து சதவீதம் கூடினால் ஆயுள் பாதி. 230க்குச் செய்ததை 248இல் எரித்தால் ஏறக்குறைய நாற்பது சதவீதம்தான் மிஞ்சும். அதே கணக்கு தலைகீழாகவும் நிற்கும்: பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தால் ஆயுள் மூன்று மடங்குக்கு மேல். வெப்பமோ பதினைந்து சதவீதம்தான் குறையும்.

வெளிச்சத்துக்காகச் செய்த விளக்கின் கம்பி 2900 கெல்வின் வெப்பநிலைப் பக்கம் எரிகிறது, ஆயுள் 2000 மணி நேரம் என்று எழுதியிருக்கும். தொழிற்சாலை ஹீட்டிங்குக்கென்றே செய்கிற குவார்ட்ஸ் ஹாலஜன் குழல்களை 2400, 2500 கெல்வினில்தான் எரிய விடுவார்கள். அவை 5000 மணி நேரம் தாங்கும். எனக்குத் தேவை சூடு. வெள்ளை வெளிச்சத்துக்காகக் கம்பியை ஏன் வதைக்க வேண்டும்?

வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வேண்டாம், டிம்மரும் வேண்டாம். நியூட்ரலை விட்டுவிட்டு, இரண்டிரண்டு விளக்கை சீரிஸில் கோத்து, பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் மாட்டினேன். 415ஐ இரண்டால் வகுத்தால் விளக்குக்கு 207 வோல்ட். இரவில் பேஸ் 248 ஆனாலும் விளக்குக்கு 215தான் போகும். பன்னிரண்டு விளக்கு ஆறு ஜோடி ஆனது. பேஸ் ஜோடிக்கு இரண்டாக, டெல்டா என்கிற இந்த இணைப்பில் சமமாக உட்கார்ந்தது. மொத்தம் 5 கிலோவாட் சொச்சம், லைனுக்கு ஏழு ஆம்பியர். ஆறு விநாடி என்றிருந்த பிளாஷ் ஏழானது. ஒரு விநாடியைக் கொடுத்து மூன்று மடங்கு ஆயுளை வாங்கியிருக்கிறேன்.

சீரிஸ் போடுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: ஜோடி சேருகிற இரண்டு விளக்கும் ஒரே கம்பெனி, ஒரே வாட்டாக இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ரெசிஸ்டன்ஸை அளந்தேன், 7.1 ஓமிலிருந்து 7.6 வரை இருந்தன. நெருங்கிய எண்களாகப் பார்த்துச் சேர்த்தேன். வித்தியாசம் இருந்தால் ஒன்று மற்றதைவிட அதிக வோல்டேஜை இழுத்துக்கொண்டு முதலில் போகும். ஒன்று போனால் ஜோடியும் அணையும். ஆனால் எந்த ஜோடி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால் அது ஒரு குறையாகவே படவில்லை.

அந்த 7 ஓம் இன்னொன்றையும் சொல்கிறது. எரியும்போது இதே கம்பி நூறு ஓமுக்கு மேல். குளிர்ந்த விளக்கு சுவிட்ச் போட்ட கணத்தில் பதினான்கு மடங்கு கரண்டை இழுக்கிறது. கரண்ட் ஏறினால் சட்டென விழும் பழைய பி கர்வ் எம்.சி.பி காலையில் முதல் பிளாஷிலேயே விழுந்ததற்குக் காரணம் அதுதான். திடீர் இழுப்பைக் கொஞ்சம் தாங்கும் சி கர்வ் 20 ஆம்பியர் போட்டபின் விழவில்லை. ஒரு பீஸுக்கு 25 விநாடி என்றால் பத்து மணி நேரத்தில் 1440 தடவை சுவிட்ச் ஆகிறது. இதைக் காண்டாக்டரிடம் (காந்தத்தால் முனைகளைச் சேர்க்கும் சுவிட்ச்) கொடுத்தால் அதன் முனைகள் சீக்கிரம் தீய்ந்துவிடும். அதனால் லைனுக்கு ஒன்றாக மூன்று எஸ்.எஸ்.ஆர் (நகரும் முனை இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்), பெரிய ஹீட் சிங்கோடு. 480 வோல்ட் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் வாங்கிய மலிவு எஸ்.எஸ்.ஆரில் ஒன்று ஷார்ட் ஆகி, இன்னொன்றும் அடுத்த நாளே அதே வழியில் போக, விளக்கு அணையாமல் எரிந்து ஒரு பீஸ் கருகியது. எஸ்.எஸ்.ஆர் கெட்டால் பெரும்பாலும் அணைந்து நிற்காது, எரிந்துகொண்டே நிற்கும். இப்போது முன்னால் ஒரு மெயின் காண்டாக்டர் இருக்கிறது. பிளாஷ் 15 விநாடியைத் தாண்டினால் தனி டைமர் ஒன்று அதை விழ வைக்கும். இதை வைக்காமல் யாரும் ஓட்ட வேண்டாம்.

ஷாக் விஷயத்திலும் ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.ஆர் அணைந்திருந்தாலும் அதன் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். விளக்கைக் கழற்றிய ஹோல்டரில் 415 வோல்ட் காத்திருக்கிறது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை முழுசாகத் துண்டிக்கும் ஐசோலேட்டரை இறக்காமல் யாரும் விளக்கைத் தொடுவதில்லை. பெட்டிக்கு நல்ல எர்த், லைனில் கரண்ட் கசிந்தால் அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

விளக்குக்கு எது கறுப்பு

இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் இது.

ஒருநாள் வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து ஆர்டர். பழக்கதோஷத்தில் ஏழு விநாடியிலேயே விட்டுவிட்டார்கள். கறுப்பு மை கொப்புளித்துப் புகைந்தது, பக்கத்திலிருந்த வெள்ளைத் துணிக்கு ஒன்றுமே ஆகவில்லை. பழைய காயில் ஹீட்டரில் இப்படி நடந்ததில்லை. காயில் சிவப்பாகத்தான் எரியும். அதன் கதிர் நீண்ட அலை, எல்லா நிறத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடிக்கும். ஹாலஜனின் கதிர் ஒரு மைக்ரான் பக்கம் உச்சம் வைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்த வீடு. அங்கே நிறம் இன்னும் கணக்கில் வருகிறது. வெள்ளை மையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அதைத் திருப்பி அடிக்கிறது. கறுப்பு மையில் இருக்கும் கார்பன் அப்படியே விழுங்குகிறது.

அப்படியானால் கறுப்புத் துணியும் விழுங்க வேண்டுமே என்று சோதித்தேன். ரியாக்டிவ் சாயம் போட்ட கறுப்புக் காட்டன் ஒரு துண்டு, அதன் பக்கத்தில் கறுப்பு மை அடித்த துண்டு, இரண்டுக்கும் ஒரே நான்கு விநாடி. துணி 88 டிகிரி, மை 131. கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. சாயங்கள் நாம் பார்க்கும் வெளிச்சத்தை மட்டும் விழுங்கி, அதற்கு அப்பால் இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கார்பன் எதையும் விடுவதில்லை. கறுப்புக் காட்டன்மேல் வெள்ளை மையை இந்த விளக்கில் துணி கருகாமல் இறுக்க முடிவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் மைக்கு மை விநாடியைக் குறித்து டைமர் பக்கத்தில் ஒட்டினோம். எங்கள் பெட்டியில், எங்கள் துணிக்கு, வெள்ளை 7, மஞ்சள் 6, சிவப்பு 5.5, கறுப்பு 3.5. வேறொரு பெட்டிக்கு இந்த எண்கள் பொருந்தாது. அளக்கும் முறைதான் பொருந்தும். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நீண்ட அலையைப் பார்ப்பதால் மையின்மேல் சரியாகவே காட்டும். வெறும் அலுமினியப் பலகையைக் காட்டினால் பொய் சொல்லும். தெர்மோகப்பிளைத் திறந்த இடத்தில் வைத்தால் விளக்கின் கதிர் நேராக அதன்மேல் பட்டு அதிகம் காட்டும். இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவில் வைக்க வேண்டும்.

பாலியஸ்டர் வந்தால் வேறு தலைவலி. அதன் சாயம் சூட்டில் கிளம்பி மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் ஏறிவிடும். சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து ரோஸ் நிறமாகும். டெல்டாவில் ஒரு விநாடி தவறினாலே 12, 15 டிகிரி எகிறுகிறது. அதற்கு மோட்டார் ஸ்டார்ட்டர் பாணியில் ஒரு ஸ்டார்-டெல்டா செலக்டர் வைத்தேன். ஸ்டாரில், அதாவது மூன்று பேஸும் ஒரு நடுப்புள்ளியில் சேரும் இணைப்பில், விளக்குக்கு 120 வோல்ட்தான், மொத்தம் 2 கிலோவாட் சொச்சம், கம்பி ஆரஞ்சு நிறத்தில் எரியும். நேரம் பிடிக்கும், ஆனால் ஏற்றம் நிதானமாக இருப்பதால் ஆள் சரியான இடத்தில் நிறுத்த முடிகிறது. இவ்வளவு குறைந்த சூட்டில் ஹாலஜன் சுழற்சி நடக்காதே என்று கேட்கலாம். நடக்காது. ஆனால் 2200 கெல்வினில் டங்ஸ்டன் ஆவியாவதும் சொற்பம், அதனால் கறுக்கவில்லை. ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றுவது விளக்கு அணைந்திருக்கும்போது மட்டும். அதற்கு இன்டர்லாக் இருக்கிறது.

தண்ணீர் மைக்கு இந்தப் பெட்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே சூட்டைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம்.

பனியன் ஊரில் எதற்குமே பஞ்சு ஒரு தொல்லை. காற்றில் மிதக்கிற பஞ்சு புளோயருக்குள் போய், விளக்கில் விழுந்து, தீப்பொறியாகி, சாம்பலாகக் குழாயில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் குவார்ட்ஸ் வெளுக்கும். புளோயர் வாயில் ஃபில்டர் துணி, தினமும் தட்டல், வாரம் ஒருநாள் மாற்றல். விளக்குக்குக் கீழே எஸ்.எஸ் கம்பி வலை. அது பஞ்சுக்காக இல்லை. உள்ளே அழுத்தம் இருக்கும் குழாய் என்றாவது வெடித்தால் துண்டுகள் ஆளின் கையிலோ துணியிலோ விழக் கூடாது. முதலில் ஃபோகஸ் லைட்டின் கண்ணாடியையே மாட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு மை தெறித்ததில் அது பொரிந்து விழுந்தது.

இரண்டாவது ஒயரிங் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. மாற்றிய விளக்கு இரண்டு. சப் மீட்டரில் பத்து மணி நேர ஷிப்டுக்கு 13, 14 யூனிட் வருகிறது. பழைய மிஷின் 57 தின்றது. மே மாதத்தில் பட்டறைக்குள் நிற்க முடிந்தது என்று வேலை செய்கிற பெண்கள் சொன்னார்கள். எனக்கு அந்த யூனிட் கணக்கைவிட இது பெரிசாகப் பட்டது.

விளக்கு கிடைப்பதுதான் இனிக் கவலை. ஃபோகஸ் லைட் எல்லாம் எல்.இ.டி ஆகிவிட்டதால் கடைகளில் 500 வாட் ஹாலஜன் குறைந்துகொண்டே வருகிறது. கோவையில் நான்கு கடை ஏறி இறங்கி மூன்று டஜன் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது பட்டறைக்காரர் இரண்டாவது டேபிளுக்கும் ஒன்று கேட்கிறார். அதில் ஹீட்டிங்குக்கென்றே செய்த, முதுகில் வெள்ளைப் பூச்சு போட்ட குவார்ட்ஸ் குழல்களை ஆர்டர் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பூச்சே ரிஃப்ளெக்டராக வேலை செய்யும் என்பதால் பெட்டியின் உயரம் குறையும். முனைக்குக் காற்றுத் துளை மட்டும் அதே 10 மில்லிமீட்டர்தான்.